மூக்கு இருக்கும் இடம்

சாந்தோம், சென்னை
14 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி ஆஸ்வினுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையில் நானும் மாமாவும் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் படி ஏற மறுக்கிறது. நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

என்னடா இவள், இந்தக் காலத்தில் கடிதம் போடுகிறாள் என்று சிரிக்காதே. வாட்ஸப்பில் நான் நாலு பத்தி எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் அனுப்புகிறாய். இருபது வருடமாக ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். கட்டைவிரலோடு பேசிப் பழக்கமில்லை. போன் போட்டால், "அக்கா, கிளாஸ் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. ஆகவே இனி கடிதத்துக்குக் கடிதம்.

நீ விமானம் ஏறிய மறு ஞாயிறே கோயில் அறிவிப்புப் பலகையில் நம் படத்தைப் போட்டுவிட்டார்கள். போன ஜனவரி, மாட்டுப் பொங்கலன்று பட்டினப்பாக்கம் கடற்கரையில் எடுத்ததுதான். கரை ஒதுங்கிக் கிடக்கும் ஓங்கில் என்கிற டால்பின், அதன் நீட்டு மூக்கைத் துப்பட்டாவில் ஏந்திப் பிடித்திருக்கும் நான், வாளியைக் கவிழ்க்கும் நம் மீனவன் அறிவு. கீழே, "நம் பங்கின் கால்நடை மருத்துவர் ஆஸ்வின், கடல் பாலூட்டிகளின் மருத்துவம் பயில ஸ்காட்லாந்து பயணம்" என்று எழுதியிருக்கிறது. படத்தில் நீதான் இல்லை! நீ கிண்டியிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தாய்.

ஆனால் கேட்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிவிடுகிறேன், எல்லாம் அவன் போனில் சொன்னபடிதான் செய்தோம் என்று. "ஈரத்துணி போட்டு மூடுக்கா, தண்ணி ஊத்திக்கிட்டே இரு, மூக்குல மட்டும் தண்ணி போகாம பாத்துக்க." அந்த மூக்கில் ஒரு சொட்டு படாமல் உயர்த்திப் பிடித்தேன். அறிவு ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரி உச்சந்தலையில் வாளி வாளியாக ஊற்றினான். பிழைக்கவில்லை, என்ன செய்ய. அதைப் பற்றி நீ எழுதிய கட்டுரையால்தானே உனக்கு இந்தப் பயிற்சியில் இடம் கிடைத்தது. அந்தமட்டும் ஆறுதல்.

ஸ்வெட்டர் போடு. பதில் போடு.

உன் அக்கா,
சோஃபியா


வடக்கு ஸ்காட்லாந்து
2 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்வின் எழுதுவது. நலமாக இருக்கிறேன். மாமாவின் முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொல்.

இங்கே நாங்கள் எட்டுப் பேர். காலையில் சீல் குட்டிகளுக்குக் குழாய் வழியாக மீன் கூழ் கொடுக்கிறோம். பிற்பகலில் இறந்து ஒதுங்கியவற்றை அறுத்துப் பார்க்கிறோம். கடற்கரைப் பயிற்சிக்கு ரப்பரில் செய்த ஓங்கில் ஒன்று உண்டு. உள்ளே தண்ணீர் நிரப்பினால் நிஜ எடை வந்துவிடும். அதைப் புரட்டுவதும், விரிப்பில் ஏற்றித் தூக்குவதும், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவதுமாகப் பொழுது போகிறது. இடுப்பு கழன்றுவிட்டது.

முதல் நாள் பாடம் அரை மணி நேரம்தான். எங்கள் பயிற்சியாளர் அம்மாள் ரப்பர் ஓங்கிலின் தலையில் கை வைத்து ஒரு விஷயம் சொன்னார். இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் குறிப்பெடுக்கவில்லை.

அந்தப் படத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிடச் சொல்லேன். கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்,
ஆஸ்வின்


சாந்தோம்
27 அக்டோபர் 2024

அன்புள்ள ஆஸ்வினுக்கு,

உன் கடிதம் வந்தது. சுகம் என்று அறிந்து நிம்மதி. இங்கே மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர், வீட்டுக்குள் மாமாவின் புலம்பல். மற்றபடி குறையில்லை.

படத்தை எடுக்க மாட்டேன். கூச்சமாம் கூச்சம்! அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கூச வேண்டியவள் நான். ஏன் என்று உன்னிடம் சொல்லவில்லை. கல்லறைத் திருநாள் வருகிறது. அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது இதையும் மனதில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டே இரு என்றாய். ஒரு மணி நேரம் ஊற்றினோம். எனக்குக் கை மரத்துவிட்டது. "அறிவு, வா, ஆளுக்கு ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்று நான்தான் கூப்பிட்டேன். "இன்னா மிஸ்ஸு, அத்த இப்டியே வுட்டுட்டா?" என்று அவன் கேட்கவும் கேட்டான். பத்து நிமிடம்தானே என்றேன். மணலிலேயே நின்று, அதைப் பார்த்தபடி, ஹனீஃபா பாய் கடை டீயைக் குடித்தோம். பத்து நிமிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. திரும்பிப் போய் ஊற்ற ஆரம்பித்த கால் மணியில் அது அடங்கிவிட்டது.

நீ வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது அந்த டீயை நான் சொல்லவில்லை. தம்பி, அதைக் கொன்றது நான்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், ஃபாதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளும் குப்பத்து ஆட்களுமாக ஒரு குழு சேர்க்கிறேன். இனி ஓங்கில் ஒதுங்கினால் முறை வைத்து ஊற்றுவோம், ஒரு நொடி நிற்காது. "கை நிற்கக் கூடாது" என்று சார்ட் எழுதியாகிவிட்டது. மூக்கை ஒருவர் உயர்த்திப் பிடிக்க, நாலு பேர் தலையில் ஊற்ற, படமும் வரைந்தாகிவிட்டது. டிசம்பர் முதல் சனிக்கிழமை கடற்கரையில் ஒத்திகை.

நீ ஏதாவது சொல்ல வேண்டுமானால் அதற்குள் சொல்.

அக்கா


(அனுப்பாத கடிதம்)
9 நவம்பர் 2024

அக்கா,

நீ கொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடம்தான் அது நிம்மதியாக மூச்சு விட்டது.

ஓங்கிலின் மூக்கு முகத்தில் இல்லை. உச்சந்தலையில், ஒற்றைத் துளையாக இருக்கிறது. நான் போனில் மூக்கு என்று சொன்னது அதைத்தான். என் பாடக் குறிப்பில் அந்தத் துளைக்கு நான் எழுதி வைத்திருந்த தமிழ்ச் சொல் மூக்கு. ஆனால் கடற்கரையில் நிற்கிறவர்களுக்கு மூக்கு என்றால் கிளி மூக்கு மாதிரி நீண்டிருப்பதுதானே? நீ அலகைப் பத்திரமாகத் தூக்கிப் பிடித்தாய். அறிவு நிஜமான மூக்கில் ஊற்றினான். மூச்சுக்காக அந்தத் துளை திறக்கிற ஒவ்வொரு தடவையும் வாளித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அன்று பிற்பகல் நுரையீரலை அறுத்தேன். நுரையும் மணலுமாக இருந்தது.

அதுவரை நான் ஓங்கிலைத் தொட்டதே இல்லை. புத்தகத்தில் படித்தவன் போனில் வைத்தியம் சொன்னேன்.

இதுகூட மன்னிக்கக்கூடியது. அடுத்து நான் செய்தது அப்படியல்ல. கட்டுரையில், "நல்லெண்ணம் கொண்ட பொதுமக்கள் தவறாகக் கையாண்டதால் மூச்சுத் துளையில் நீர் புகுந்து இறந்தது" என்று எழுதினேன். இந்தப் பயிற்சிக்கான நேர்காணலில், அவர்களுக்கு யார் வழி சொன்னது என்று கேட்டார்கள். பயிற்சி பெற்றவர் யாரும் அங்கே இல்லை என்றேன். பொய் இல்லை, பார். அப்படி யோசித்து யோசித்துச் சொன்னேன். இடம் கிடைத்துவிட்டது.

அந்தப் பொதுமக்கள் நீதான், அக்கா.

இதை எப்படி அனுப்புவேன்? டீ குடித்த குற்றம் போய், கையால் மூச்சடைத்த குற்றம் வரும் உனக்கு.


வடக்கு ஸ்காட்லாந்து
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் நேற்று வாட்ஸப்பில் சுருக்கமாக அனுப்பினேன். விவரம் இது. விதிகள் மாறிவிட்டன. இப்போது புது விதிப்படி தலையில் தண்ணீர் ஊற்றவே கூடாது. உச்சந்தலையில் ஒரு துளை இருக்கும். அதன் வழியாகத்தான் மூச்சு. அதன் பக்கம் தண்ணீர், துணி, மணல் எதுவும் போகக் கூடாது. முதுகிலும் பக்கங்களிலும் மட்டும் ஈரத்துணி. கூட்டத்தைத் தள்ளி நிறுத்த வேண்டும், கடலுக்குள் திருப்பித் தள்ளக் கூடாது, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். சார்ட்டைத் தயவுசெய்து மாற்றிவிடு.

நீ டீ குடிக்கப் போனதால் ஒன்றும் ஆகவில்லை. இதை ஒரு மருத்துவனாகச் சொல்கிறேன். அதை மறந்துவிடு. அந்தப் படத்தையும் எடுத்துவிடு.

அன்புடன்,
ஆஸ்வின்


சாந்தோம்
30 நவம்பர் 2024

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ இளைத்திருக்கிறாய் என்று மாமா சொல்கிறார். வாட்ஸப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தாராம்.

உங்கள் விதி எங்கள் பாடத்திட்டத்தைவிட வேகமாக மாறுகிறதே! சார்ட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினோம். "ஓங்கிலுக்கு மூக்கு உச்சந்தலையில்" என்பதுதான் புதுத் தலைப்பு. பிள்ளைகள் அதை "தலை மூக்கு" என்கிறார்கள். அடையாற்றிலிருந்து வரும் தூபா என்கிற பெண், வகுப்பிலேயே வாயாடி, கையைத் தூக்கினாள். "மிஸ், அப்ப போன பொங்கலுக்கு நீங்க ஊத்துனீங்களே?" என்றாள். "அப்போ விதி வேற" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். ஆனால் முகத்தைப் பார்த்தால் திருப்தியான மாதிரி தெரியவில்லை.

அவளுக்காகக் கேட்கிறேன். விதி எப்போது மாறியது? மாதம், வருடம் எழுது. டீச்சர்களுக்குத் தேதி வேண்டும்.

டீயைப் பற்றி நீ எழுதியதைப் பத்துத் தடவை படித்தேன். மனசு லேசாக வேண்டும். ஏனோ ஆகவில்லை.

அக்கா


வடக்கு ஸ்காட்லாந்து
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இந்த வருடம் கல்கலாவும் ரோஸ் குக்கீஸும் எனக்கில்லை என்பதுதான் பெரிய வருத்தம். பிளம் கேக் இங்கே கிடைக்கிறது, ஆனால் நம் பேக்கரி கேக்கின் வாசனை இல்லை.

ஒத்திகை வீடியோ பார்த்தேன். நன்றாகச் செய்கிறார்கள். அறிவு கூட்டத்தை விரட்டுவதைப் பார்த்து எங்கள் வகுப்பே கைதட்டியது.

நீ கேட்ட தேதியைப் பார்த்துச் சொல்கிறேன். இங்கே வேலை அதிகம். நள்ளிரவுப் பூசையில் எனக்காகவும் வேண்டிக்கொள்.

அன்புடன்,
ஆஸ்வின்


சாந்தோம்
23 ஜனவரி 2025

ஆஸ்வின்,

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது அறிவு வாசலில் நின்றான். "மிஸ்ஸு, வா வா, ஒண்ணு வந்துகீது. உசுரோட கீது." அதே பட்டினப்பாக்கம், போன வருடம் கிடந்த இடத்திலிருந்து நூறு தப்படி. போன தடவை மாதிரியே நீட்டு மூக்கு.

சார்ட்டில் எழுதியபடியே செய்தோம். அறிவு கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தினான். முதுகில் ஈரத்துணி போட்டோம். நான் தலைப் பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்தேன். என் வேலை மூச்சை எண்ணுவது. மூக்கை யாரும் தொடவில்லை.

உச்சந்தலை திறந்தது. ப்ஃபூ என்று ஒரு சத்தம். சூடான காற்று என் முகத்தில் அடித்தது. உடனே மூடிக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ப்ஃபூ.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும், ஆஸ்வின். போன வருடம் கையில் டீ கிளாஸோடு நின்றபோது கேட்டேன். அறிவுகூட, "மிஸ்ஸு, பெருமூச்சு வுடுது பாரு" என்றான். அந்தப் பத்து நிமிடமும் கேட்டது. நாங்கள் போய் ஊற்ற ஆரம்பித்த பிறகு கேட்கவில்லை. இருமல் மாதிரி வேறொரு சத்தம்தான் வந்தது. நீட்டு மூக்கு நனையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதில் நான் அதைக் கவனிக்கவில்லை.

வனத்துறைக்குச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் அவர்களுடைய டாக்டர்கள் வந்து பரிசோதித்தார்கள். அறிவின் ஃபைபர் படகில் வைத்து ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். போய்விட்டது. பிழைத்துக் கிடக்கிறதா, யாருக்குத் தெரியும். எல்லாரும் என் கையைக் குலுக்கினார்கள். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

விதி மாறலாம். மூக்கு இருக்கிற இடம் மாறுமா? போன வருடமும் அது அங்கேதானே இருந்தது?

இரண்டு மாதமாகத் தேதி கேட்கிறேன். தேதியே கிடையாது, இல்லையா? இனி வாழ்த்து, கேக் எல்லாம் எழுதாதே. அன்று நீ சொன்ன மூக்கு எது? அதை மட்டும் எழுது.

சோஃபியா


வடக்கு ஸ்காட்லாந்து
3 பிப்ரவரி 2025

அக்கா,

அதன் உச்சந்தலையில் இருந்ததைச் சொன்னேன். நீ முகத்தில் இருந்ததைப் பிடித்தாய். அது யாருக்கும் வரக்கூடிய குழப்பம், அதை யோசித்திருக்க வேண்டியவன் நான்.

விதி எதுவும் மாறவில்லை. அது பொய். நவம்பரில் உனக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, மறுநாள் அந்தப் பொய்யை எழுதினேன். அன்றைய கடிதத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டுரையைப் பற்றியும் அதில் இருக்கிறது. உன்னைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துப் படித்தால் தெரிகிறது, காப்பாற்றியது என்னைத்தான்.

ஆஸ்வின்


வடக்கு ஸ்காட்லாந்து
12 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. போனையும் எடுப்பதில்லை. மாமா மட்டும், "கொஞ்சம் பொறுப்பா" என்றார்.

பயிற்சியாளர் அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நேர்காணலில் நான் சொன்னதைப் பற்றிக் குழு கூடி முடிவு செய்யும். பயிற்சி ஜூன்வரை தொடரலாம், நின்றும் போகலாம். கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் எழுதியிருக்கிறேன். அனுப்பும் முன் நீ பார்க்க வேண்டும். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "பொதுமக்கள் தவறாகக் கையாண்டதாக எழுதியது சரியல்ல. அங்கிருந்த பெண் ஒருவர், கட்டுரை ஆசிரியர் தொலைபேசியில் சொன்னதை அப்படியே செய்தார். சொன்ன சொல்லில்தான் பிழை."

ஒரு வரியாவது எழுது. திட்டினாலும் பரவாயில்லை.

தம்பி,
ஆஸ்வின்


சாந்தோம்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பி ஆஸ்வினுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் சுகம் என்று எழுத இத்தனை நாள் ஆயிற்று. மாமா சுகம். ஈஸ்டர் அன்று நீ மூன்று தடவை கூப்பிட்டாய். மூன்று தடவையும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இனிமேல் எடுப்பேன்.

மாசி முழுக்க உன் மேல் கோபம். மூக்கு என்று சொன்னதற்கு இல்லை. பொதுமக்கள் என்று எழுதினாயே, அதற்கு. அம்மா போனபோது உனக்கு ஆறு வயசு. கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது பொதுமக்களா? நீ கால்நடை மருத்துவம் படித்த ஐந்து வருடமும் உன் டிபன் டப்பாவைக் கட்டியது பொதுமக்களா? சமையலறையில் நின்று இதை வாய்விட்டே கேட்டேன். மாமா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

பிறகு கோபம் என் பக்கம் திரும்பியது. ஓங்கிலும் திமிங்கலமும் நுரையீரலால் சுவாசிக்கின்றன என்று வருடா வருடம் ஏழாம் வகுப்பில் கத்துகிறேன். எதன் வழியாக என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. போனில், "எந்த மூக்குடா?" என்று இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. தம்பி டாக்டர், அவனுக்குத் தெரியாததா என்ற பெருமை.

அறிவிடம் போய்ச் சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றுவிட்டது. "இன்னா மிஸ்ஸு சொல்ற? அப்ப நாமளேவா?" என்றான். அப்புறம் நான் கேட்காமலே, "ஊத்துனது நானு. ஆனா பேப்பர்ல எம்பேரு வாணாம் மிஸ்ஸு" என்றான். அவன் பேரை எழுதாதே.

என் பேரை எழுது. "பெண் ஒருவர்" என்பதை அடித்துவிடு. சோஃபியா, பள்ளி ஆசிரியை, கட்டுரை ஆசிரியரின் அக்கா என்று போடு. பேரில்லாமல் அந்தக் கட்டுரையில் ஒரு வருடம் இருந்துவிட்டேன், இனி முடியாது. திருத்தத்தை அதோடு அனுப்பு. பயிற்சி நின்றுபோனால் வீட்டுக்கு வா. நின்றுபோகாவிட்டால் முடித்துவிட்டு வா.

படத்தை எடுத்துவிடச் சொன்னாய். கோயில் பலகையிலிருந்து எடுத்தேன். ஆனால் தூக்கிப் போடவில்லை. என் வகுப்பில், சார்ட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வாளித் தண்ணீர் விழுகிற இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். புதிதாகக் குழுவில் சேருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

நேற்று தூபா அதன் எதிரில் வெகு நேரம் நின்றாள். "மிஸ், இதுல தப்பு யாரு பண்ணது?" என்று கேட்டாள்.

"நானும் என் தம்பியும்" என்றேன்.

படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி இதுல இல்லையே மிஸ்?" என்றாள்.

ஊருக்கு வந்ததும் நீயே வந்து அவளிடம் சொல்.

உன் அக்கா,
சோஃபியா